சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

மணிமேகலைக் காப்பியத்தின் 19ஆம் காதைக்குச் 'சிறைக்கோட்டம் அறக்கோட்டம் ஆக்கிய காதை' என்று பெயர். அமுதசுரபி ஏந்திய துறவி ஒருத்தி, புகார் நகரத்துச் சிறைக்குள் புகுந்து, அங்கே பசித்துக் கிடந்தோர்க்குச் சோறிடுகிறாள். செய்தி அறிந்த சோழ மன்னன் அவளை அழைத்து, வேண்டுவது யாதென வினவுகிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டும் என்பதே அவள் கேட்கும் வரம். அரசனும் இசைகிறான். காதையின் பெயரைத் தமிழாசிரியர் யாவரும் அறிவர். அமுதசுரபியின் சிறப்பை விளக்கிக் கட்டுரை எழுதிய மாணவரும் பலர். ஆயின், அக்காதை எழுப்பும் வினாவை மட்டும் எவரும் வகுப்பறைக்கு வெளியே கொண்டு வருவதில்லை. தவறு செய்தவனை அடைத்து வைப்பது ஒன்றுதானா அரசின் வேலை? அவனை ஊருக்குள் வைத்தே திருத்த வழியில்லையா?

இவ்வினாவுக்கு விடை தேட வேண்டிய இடம் கோலசிலாங்கூர். ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான் எனத் தொடங்கி, முன்னர் பத்தாங் பெர்ஜுந்தை என வழங்கிய பெஸ்தாரி ஜெயா வரையிலும், அப்பால் உலு சிலாங்கூரின் கெர்லிங், காலும்பாங் வரையிலும் பரந்து கிடப்பவை தமிழரின் வியர்வையில் விளைந்த தோட்டங்கள். மலாயாவில் வாணிக நோக்கில் எண்ணெய்ப்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917இல், இவ்வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். தோட்டத்தின் பெயரே தமிழ். ஒரு நாட்டின் பெருஞ்செல்வத்துக்கு வித்திட்ட மண்ணின் மக்கள், அதே மண்ணில் இன்று காவல் நிலையத்து வாயிலிலும் நீதிமன்றத்து விசுப்பலகையிலும் பிள்ளைகளுக்காகக் காத்துக் கிடக்கின்றனர்.

அங்கே நிறுத்தப்படும் இளைஞர் அனைவரும் கொடியவரா? பனங்குலை திருடியவன், பழைய இரும்பைத் தூக்கிச் சென்றவன், குடித்துவிட்டுக் கைகலப்பில் இறங்கியவன், உரிமமின்றி மோட்டார் சைக்கிள் ஓட்டிப் பிடிபட்டு அபராதம் கட்ட இயலாதவன் என்று இவர்களுள் சிறு குற்றவாளிகள் பலர் உண்டு. இவர்கள் செய்தது குற்றமே, அதில் ஐயமில்லை. ஆயின், இத்தகைய குற்றத்துக்கு இரண்டு மாதமோ மூன்று மாதமோ சிறை விதிக்கும்போது நிகழ்வது யாது? அவன் வேலை போகிறது. தங்கையின் படிப்புக்குப் போன பணம் நிற்கிறது. பெண் பார்த்த வீட்டார் ஒதுங்குகின்றனர். உள்ளே அவனுக்குப் புதிய உறவினர் கிடைக்கின்றனர். 2013 ஆகஸ்டு மாதம் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பட்டியலை வெளியிட்டபோது, அவற்றின் உறுப்பினருள் பெரும்பாலோர் இந்தியர் என்றும் அறிவித்தது. அக்கும்பல்களுக்கு ஆள் சேர்க்கும் களம் தெருமுனை மட்டுமன்று, சிறையறையும் அதுவே. பனங்குலை திருடி உள்ளே போனவன் வெளியே வரும்போது அவனுக்கென ஓர் எண்ணும், ஒரு தலைவனும், தீர்க்க வேண்டிய ஒரு நன்றிக்கடனும் இருக்கின்றன.

இதற்கு மாற்றுவழி சட்டத்தில் இல்லையா? உண்டு. நேற்று வந்ததன்று, 70 ஆண்டுகளுக்கு முன்பே வந்தது. 1954ஆம் ஆண்டின் குற்றவாளிகள் கட்டாய வருகைச் சட்டம் அது. மூன்று மாதத்துக்கு மேற்படாத சிறைத் தண்டனை போதுமானது என்று நீதிமன்றம் கருதும் ஒருவனையும், அபராதம் கட்டத் தவறியதால் சிறைக்குப் போக வேண்டியவனையும் சிறைக்கு அனுப்பாமல், ஒரு மையத்துக்கு நாள்தோறும் வந்து, நாளுக்கு நான்கு மணி நேரத்துக்கு மிகாமல், மூன்று மாதம் வரை வேலை செய்யுமாறு ஆணையிட அச்சட்டம் இடமளிக்கிறது. இன்று அதனைச் செயற்படுத்துவது சிறைத்துறை. பகலில் ஒரு பகுதியை ஊருக்குக் கொடுத்துவிட்டு, மீதியில் அவன் தன் தொழிலைப் பார்க்கலாம்; இரவில் தன் தாய் இடும் சோற்றை உண்ணலாம்.

அச்சட்டம் மட்டுமா? குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 294ஆம் பிரிவு, குற்றவாளியின் வயது, முன்நடத்தை, குற்றத்தின் சிறுமை ஆகியவற்றைச் சீர்தூக்கி, நன்னடத்தைப் பிணையில் அவனை விடுவிக்க வழிசெய்கிறது. 2006இல் நிறைவேறிய திருத்தம், இளங்குற்றவாளிகளை 240 மணி நேரத்துக்கு மிகாமல் சமூகச் சேவையில் ஈடுபடுத்தும் ஆணைக்கு இடம் தந்தது. 2001ஆம் ஆண்டின் சிறுவர் சட்டத்தின்படி, 18 வயது நிறையாதவர் வழக்கில் தீர்ப்பளிக்குமுன் நன்னடத்தை அதிகாரியின் அறிக்கையை நீதிமன்றம் கருத்தில் கொள்ள வேண்டும். ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கவும் ஆணையிடலாம். 2008இல் பரோல் முறை வந்தது. ஓராண்டுக்குக் குறையாத தண்டனை பெற்று, அதில் பாதியைக் கழித்தவர், பரோல் அதிகாரியின் மேற்பார்வையில் எஞ்சிய காலத்தை வெளியில் கழிக்க அது வாய்ப்பளித்தது.

சட்டம் இத்தனை கதவுகளைத் திறந்து வைத்திருக்கத் தோட்டத்துப் பிள்ளை மட்டும் ஏன் இரும்புக் கதவுக்குள் போகிறான்? இதுவே சிந்திக்கத் தக்கது.

முதற்காரணம், கேட்பதற்கு ஆள் இல்லை. மாற்றுத் தண்டனை தானாக வருவதன்று. இவனுக்கு அது பொருந்தும் என்று நீதிமன்றத்தில் எவரேனும் எடுத்துரைக்க வேண்டும். வசதி படைத்தவனின் மகனுக்கு வழக்கறிஞர் எடுத்துரைக்கிறார். படிப்புச் சான்றிதழும், முதலாளியின் கடிதமும், பெரிய மனிதரின் பரிந்துரையும் கோப்பில் இணைகின்றன. தோட்டத்துப் பிள்ளையோ, 'ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்' என்ற சொல்லை நம்பித் தலையசைத்துவிடுகிறான். தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் 2012 முதல் ஏழைகளுக்காக இயங்கி வருவதைத் தோட்டத்துக் குடும்பங்களுள் எத்தனை அறியும்? அறிவிக்க வேண்டியவர் யார்?

இரண்டாவது காரணம், நிலையான முகவரி இல்லை. மேற்பார்வைக்கு அடிப்படை முகவரி. தோட்டங்கள் கைமாறியபோதும், வீடமைப்புக்கும் தொழிற்பேட்டைக்கும் நிலம் எடுக்கப்பட்டபோதும் முதலில் அழிந்தது அதுவே. பெஸ்தாரி ஜெயா வட்டாரத்து மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, மிஞ்ஞாக், புக்கிட் தாகார் ஆகிய ஐந்து தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர் சொந்த வீட்டுக்காகப் பல்லாண்டு போராடிய வரலாற்றை அவ்வட்டாரம் மறக்கவில்லை. மூன்று தலைமுறையாக ஒரே மண்ணில் வாழ்ந்தவனை 'நிலையான இருப்பிடம் இல்லாதவன்' என்று ஒரு படிவம் சொல்லிவிடுகிறது. பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் இல்லாதவர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது.

மூன்றாவது காரணம், தொலைவு. நாள்தோறும் நான்கு மணி நேரம் வேலை செய்வது எளிது. அங்கே போய்ச் சேர்வதுதான் அரிது. எண்ணெய்ப்பனைக் காட்டுக்குள் இருக்கும் குடியிருப்பிலிருந்து பேருந்துச் சாலைக்கு வருவதற்கே நெடுந்தூரம் நடக்க வேண்டும். ஒரு நாள் தவறினால் ஆணையை மீறியவன் ஆகிறான், மீறியவனுக்குச் சிறை. கோழை என்றும் சோம்பேறி என்றும் அவனைத் தூற்றுவோர், பேருந்து வராத சாலையில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்ததில்லை.

இனி, இம்மாற்றுவழியை எதிர்ப்போர் கூற்றுகளை நோக்குவோம். 'அடியாத மாடு படியாது' என்பர் சிலர். இப்பழமொழியை அதிகமாகச் சொல்வோர் தமிழ்ச் சமுதாயத்துப் பெரியவர்களே என்பது வருந்தத்தக்கது. அடித்த மாடு படிந்ததா என்று அவர்கள் திரும்பிப் பார்த்ததுண்டா? குறுகிய காலச் சிறையிலிருந்து வந்தவர், சமூக மேற்பார்வையில் தண்டனை முடித்தவரைக் காட்டிலும் மீண்டும் குற்றம் செய்வது மிகுதி என்று இங்கிலாந்து நீதி அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுகளே கூறுகின்றன. வள்ளுவரும் தண்டனையை மறுத்தவர் அல்லர். குற்றத்தை ஆராய்ந்து, அது மீண்டும் நிகழாவண்ணம், அதற்கேற்ற அளவில் ஒறுப்பவனே வேந்தன் என்பது 'வெருவந்த செய்யாமை' அதிகாரத்தின் தொடக்கம். மீண்டும் நிகழாமையே தண்டனையின் பயன். அப்பயனைத் தராத தண்டனை வெறும் பழிவாங்கல். அதற்கான செலவைக் குடிமக்களே வரியாகச் செலுத்துகின்றனர். 2023இல் நாட்டின் சிறைகளில் இருந்தோர் தொகை 70,000ஐத் தாண்டியிருந்தது. அவர்கள் உணவும் காவலும் வானத்திலிருந்து இறங்குவன அல்ல.

'பொருளைப் பறிகொடுத்தவனுக்கு என்ன நீதி?' என்பது அடுத்த வினா. நேரிய வினா. திருடியவனை அடைத்து வைப்பதால் பறிகொடுத்தவனுக்கு ஒரு வெள்ளியும் திரும்புவதில்லை. வெளியில் இருந்து உழைப்பவனிடமிருந்துதான் இழப்பீடு பெற முடியும். தான் உடைத்த வேலியைத் தானே கட்டவும், தான் அழுக்காக்கிய ஊரைத் தானே துப்புரவு செய்யவும் ஒருவனைக் கட்டாயப்படுத்துவது மென்மையான தண்டனை என்று எவர் சொல்வார்? ஊரார் அறிய, பகல் வெளிச்சத்தில், மூன்று மாதம் தலைகுனிந்து உழைப்பது, சுவருக்குள் படுத்துக் கிடப்பதைவிடக் கடினமானது. கொலை, கொள்ளை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இழைக்கும் கொடுமை ஆகியவற்றுக்கு இம்மாற்றுவழியை எவரும் கேட்கவில்லை. சிறு குற்றத்தின் பேச்சை எடுத்தவுடன் பெருங்குற்றத்தைக் காட்டி அச்சுறுத்துவது வாதம் ஆகாது.

இனி ஓர் எச்சரிக்கை. 'மேற்பார்வை' என்ற சொல்லைக் கேட்டவுடன் மயங்கிவிடலாகாது. ஒரே சொல்லுக்குள் இரு வேறு முறைகள் ஒளிந்திருக்கின்றன. தமிழகத்தில் 'கைரேகைச் சட்டம்' என வழங்கிய குற்றப் பரம்பரைச் சட்டத்தை வரலாற்று மாணவர் அறிவர். தனி ஒருவன் செய்த குற்றத்துக்காக அன்றிப் பிறந்த குலத்துக்காகவே மக்களைப் பதிவு செய்து, இரவில் காவல் நிலையத்திலோ சாவடியிலோ வந்து படுக்க வைத்த சட்டம் அது. 1920 ஏப்ரல் 3ஆம் நாள், மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூரில் அப்பதிவை எதிர்த்த மக்கள்மீது துப்பாக்கிச்சூடு நடந்தது. மாயக்காள் என்னும் பெண் உட்படப் 16 பேர் மாண்டனர். சென்னை மாகாணத்தில் 1947இல் அச்சட்டம் நீங்கியது. அதுவும் 'மேற்பார்வை' என்றே பெயர் பெற்றது.

மலாயாவிலும் அதன் உறவினர் உண்டு. 1933ஆம் ஆண்டின் வசிப்பிடக் கட்டுப்பாட்டுச் சட்டம், நீதிமன்ற விசாரணை இன்றியே ஒருவனைப் பிறிதோர் ஊருக்குத் துரத்திக் காவலரின் பார்வையில் வைத்தது. 2011இல்தான் அது நீக்கப்பட்டது. 1959ஆம் ஆண்டின் குற்றத் தடுப்புச் சட்டமோ, ஐந்தாண்டு வரை ஒருவனைக் காவலர் மேற்பார்வையில் வைக்கவும், இரவில் வெளியே வராமல் தடுக்கவும் இடமளித்தது. 2014இல் நடைமுறைக்கு வந்த திருத்தம், காலில் மின்னணுக் கருவி பூட்டவும், விசாரணையின்றி ஈராண்டு தடுத்து வைக்கவும், அத்தடுப்பை நீட்டிக்கவும் வழிசெய்தது. அச்சட்டத்தின்கீழ் நடைபெறும் விசாரணையில் வழக்கறிஞர் தோன்றவும் இடமில்லை. இதனையும் சமூக மேற்பார்வை என்று அழைத்தால், சங்கிலியையும் காப்பென்று அழைக்கலாம்.

தோட்டத்துத் தமிழனுக்கு இவ்வேறுபாட்டைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. அவன் பாட்டன் காலத்திலேயே வேலைக்கு வராமை குற்றம் எனக் கருதப்பட்டு, கூலியாள் சிறைக்கு அனுப்பப்பட்டான். விடியற்காலைப் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிட்டதும் மேற்பார்வைதான். கங்காணி லயத்து வாயிலில் நின்றதும் மேற்பார்வைதான். அவற்றுள் எதுவும் அவனை மனிதனாக உயர்த்த வந்ததன்று. எனவே, எந்த மேற்பார்வையை ஏற்பது என்பதற்கு உரைகல் வேண்டும். குற்றம் திறந்த நீதிமன்றத்தில் மெய்ப்பிக்கப்பட்டதா? காலம் வரையறுக்கப்பட்டதா? மேல்முறையீடு உண்டா? மேற்பார்ப்பவர் அவனுக்கு வேலையும் படிப்பும் தேட உதவுகிறாரா, அன்றி அவன் தவறுவதற்காகக் காத்திருக்கிறாரா? இந்நான்கு வினாவுக்கும் நேரிய விடை இருந்தால் அது சிறைக்கு மாற்று. இல்லையேல் அது சுவரில்லாத சிறை.

2024 அக்டோபரில் வரவு செலவுத் திட்ட உரையில், சில குற்றங்களுக்குச் சிறைக்கு மாற்றாக வீட்டுக் காவலை அனுமதிக்கும் புதிய சட்டம் கொண்டுவரப்படும் என்று பிரதமர் அறிவித்தார். நோக்கம் நன்று. ஆயின் வீட்டுக் காவலுக்கு முதலில் வீடு வேண்டும். மாளிகையில் தோட்டமும் நீச்சல் குளமும் உள்ளவனுக்கு வீட்டுக் காவல் ஓய்வு. ஒண்டுக்குடித்தனத்தில் எட்டுப் பேர் படுக்கும் அறையில், நாள் சம்பளத்தை நம்பிப் பிழைப்பவனுக்கு அது பட்டினி. ஏழைக்குத் தேவை வெளியே சென்று உழைக்க விடும் மேற்பார்வை. பணம் படைத்தவனுக்கு வீடும், ஏழைக்குச் சிறையும் என்று இம்மாற்றுவழி முடியுமாயின், அது நீதியின் பெயரால் நிகழும் அநீதி ஆகும்.

அரசைக் குறை கூறுவதோடு இக்கடமை முடிந்துவிடுமா? 1841இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் அகஸ்டஸ் என்னும் காலணித் தொழிலாளி, குடிப்பழக்கத்துக்காக நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட ஒருவனுக்குத் தாமே பிணை நின்றார். 1859இல் இறக்கும் வரை ஏறத்தாழ 2,000 பேருக்கு அவ்வாறு பிணை நின்று, வேலை தேடித் தந்து, அவர்களைக் கண்காணித்தார். நன்னடத்தை மேற்பார்வை என்னும் முறை உலகெங்கும் பரவுதற்குக் காரணமான முன்னோடி, அரசும் அல்லர், அறிஞரும் அல்லர், செருப்புத் தைத்தவர். ஜப்பானில் 1950ஆம் ஆண்டின் சட்டத்தின்படி, ஊதியம் பெறாத தொண்டர்கள் நன்னடத்தை மேற்பார்வையில் பங்கு கொள்கின்றனர். அவர்கள் தொகை 40,000க்கும் மேல். அவர்களுள் பௌத்தக் கோயில் குருமாரும் ஓய்வு பெற்றோரும் உண்டு.

கோலசிலாங்கூர்த் தமிழரிடம் கோயில் இல்லையா? தோட்டம் அழிந்த பின்னும் கோயிலைக் காத்தவர் ஆயிற்றே! திருவிழாவுக்கு ஒரு கிழமைக்குள் பல்லாயிரம் வெள்ளி திரட்டும் கோயிற்குழு, மூவரைப் பிணையாளராக நிறுத்த இயலாதா? கோயில் வளாகத்தையும் இடுகாட்டையும் தமிழ்ப்பள்ளித் திடலையும் சமூகச் சேவைக்குரிய இடங்களாக ஏற்குமாறு சமூகநலத்துறைக்கு எழுத இயலாதா? தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் தோன்றியதும் கட்டாய வருகைச் சட்டம் பிறந்த அதே 1954இல்தான். சம்பளத்துக்கும் போனசுக்கும் போராடிய அச்சங்கம், தொழிலாளியின் மகன் நீதிமன்றத்தில் நிற்கும் நாளை மட்டும் தன் நிகழ்ச்சி நிரலில் சேர்க்காதது ஏன்? தோட்டங்கள் துண்டாடப்பட்ட நாளில், துன் சம்பந்தனின் முயற்சியால் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் எழுந்தது. சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தோட்டத்தையே விலைக்கு வாங்கிய மக்களுக்கு, தம் பிள்ளைக்குப் பிணை நிற்கும் ஆற்றல் இல்லை என்று எவரும் சொல்ல முடியாது. இல்லாதது ஆற்றல் அன்று, எண்ணம்.

தமிழாசிரியர்க்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. நன்னடத்தை அதிகாரி அறிக்கை எழுதும்போது, அப்பிள்ளையைப் பற்றி உண்மையாகச் சொல்லக்கூடியவர் அவனுக்கு ஆறாண்டு பாடம் சொன்ன ஆசிரியரே. 'வகுப்பில் பின் வரிசையில் இருந்தான், கணக்கில் மந்தம், ஆயினும் ஓட்டப் பந்தயத்தில் முதல்வன், தாய்க்கு உதவுவான்' என்று நான்கு வரி எழுதிக் கையொப்பமிடுவதற்கு எத்துணை நேரம் ஆகும்? அந்நான்கு வரி இல்லாமையால் ஒருவன் சிறைக்குப் போனதுண்டு என்று எண்ணிப் பார்த்தால், பேனா எடுக்காத கைக்கும் அதில் பங்குண்டு என்பது விளங்கும். பத்து 'ஏ' பெற்றவனுக்கு மாலையிடும் சமுதாயம், ஒருமுறை தவறியவனுக்குக் கை கொடுக்கத் தயங்குமானால், அதன் கல்விப் பெருமை அரைப் பெருமையே.

செய்ய வேண்டியவை தெளிவானவை. முன்னாள் தோட்டக் குடியிருப்பு ஒவ்வொன்றிலும் பிணையாளர் குழு ஒன்று அமைய வேண்டும். நீதிமன்றத்துக்கு வரும் குடும்பத்துக்குத் தமிழில் வழிகாட்ட, பயிற்சி பெற்ற தொண்டர் வேண்டும். கட்டாய வருகைக்கும் சமூகச் சேவைக்கும் உரிய பணியிடங்கள் பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், ஜெராம் போன்ற ஊர்களிலேயே அமையுமாறு அரசை வற்புறுத்த வேண்டும். கோயிற்குழு, ஆசிரியர் சங்கம், தொழிற்சங்கம் ஆகிய மூன்றும் ஆண்டுக்கொரு முறையேனும் ஒன்று கூடி, எத்தனை பிள்ளைகள் உள்ளே போயினர், எத்தனை பேரைத் தடுக்க முடிந்தது என்று கணக்குப் பார்க்க வேண்டும். இவற்றுள் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. 1954 முதல் சட்டம் காத்திருக்கிறது.

அடுத்த கிழமையும் கோலசிலாங்கூரில் நீதிமன்றம் கூடும். பெயர் கூப்பிடும்போது ஓர் இளைஞன் எழுந்து நிற்பான். அவனுக்குப் பின்னால் எவரேனும் எழுந்து நிற்கின்றனரா என்று நீதிபதி நிமிர்ந்து பார்ப்பார். அப்போது அங்கிருக்கும் இருக்கைகள் வெறுமையாக இருக்குமானால், அந்த இளைஞனை மட்டும் குற்றவாளி என்று எழுதுவது நேர்மையாகாது.